பொம்மை அறை

பூங்கொடியைப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து செலவுக் குறைப்புப் பிரிவுக்கு மாற்றியபோது அவளுக்கு அது தண்டனை போலத்தான் இருந்தது. பல வருடங்களாகத் திருடர்களைத் துரத்தியவள் அவள். வங்கிக் கணினிக்குள் நுழைந்தவன், மருத்துவமனைக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பேரம் பேசியவன், யாரோ ஒருவரின் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளேயே ஒளிந்திருந்தவன் என்று பலரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். இப்போது சரவணம்பட்டியில் ஆறாவது மாடியில் உட்கார்ந்து, யாரோ அணைக்க மறந்த மெஷின்களைத் தேடி அணைக்க வேண்டும். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடுகிறதா என்று எட்டிப் பார்க்கிற வேலை என்று தங்கையிடம் போனில் சொல்லிச் சலித்துக்கொண்டாள்.

ஆனால் அந்த ஃபேன்கள் கொஞ்சநஞ்சமல்ல. சொந்தமாகக் கணினி வைத்துக்கொள்ளும் வழக்கமே கம்பெனிகளிடம் போய்விட்டிருந்தது. எல்லாம் கிளவுடில் வாடகைக்கு. வாடகைக்கு எடுத்ததில் பாதி எதற்கு ஓடுகிறது என்றே யாருக்கும் தெரியாது.

“தெரியலைன்னா அணைச்சிட வேண்டியதுதானே சார்?” என்று முதல் வாரத்திலேயே மேலாளர் டேனியலிடம் கேட்டாள்.

“பயம்மா. ஒண்ணை அணைச்சா வேற எங்கயாவது எதாவது நின்னுடுமோன்னு பயம். அதனால எல்லாத்தையும் ஓட விட்டுடறாங்க. பில் வரும்போது நம்மளைக் கூப்பிட்டுத் திட்டுறாங்க.”

பூங்கொடி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“செக்யூரிட்டில நாங்க யாரையும் நம்ப மாட்டோம் சார். உள்ள இருக்கிற ஒவ்வொருத்தனும் தான் யாருன்னு திரும்பத் திரும்ப நிரூபிக்கணும். நிரூபிக்காதவன் திருடன், அவ்வளவுதான். மெஷினையும் அப்படியே நடத்துவோம். யாருக்காக ஓடறே, என்ன வேலை செய்யறேன்னு கேட்டுக்கிட்டே இருப்போம். பதில் சொல்லாததை வெளிய தள்ளிடலாம்.”

“பதில் பொய்யா இருந்தா?”

“அதுக்கும் ஒரு வழி இருக்குதுங்க சார்.”

அந்த வழிக்கு அவர்கள் பிரிவில் பொம்மை அறை என்று பெயர் வந்தது. திருடனைக் கண்டதும் கையைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் ஓடிவிடுவான், வேறு வழியாக வருவான். அதற்குப் பதிலாக அவனுக்கே தெரியாமல் நிஜ மெஷின்களிலிருந்து நகர்த்தி, அதே மாதிரி தோற்றமுள்ள ஒரு பொய் இடத்துக்குள் விட்டுவிட வேண்டும். அங்கே அவன் கேட்பதற்கெல்லாம் பதில் கிடைக்கும். பெரும்பாலும் புனைந்த பதில். எந்த மாதிரி பதிலுக்கு அவன் மறுபடி மறுபடி வருகிறானோ அதை அந்த அறை கவனித்து, அந்த மாதிரியே இன்னும் கொடுக்கும். அவன் அதில் மயங்கிக் கிடக்கும்போது, வந்த வழியைப் பின்னால் தொடர்ந்து போய் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அவன் உள்ளே என்னதான் செய்கிறான் என்று பார்க்க மட்டும் அனுமதியில்லை. ஆள் இன்னார் என்று தெரிகிற வரை அவனுடைய தகவல் அவனுடையது என்று சட்டம் சொன்னது. பூங்கொடி அந்தச் சட்டத்தை எப்போதும் மீறியதில்லை.

அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர் வடக்கே பல ஊர்களில் கடை வைத்திருந்த ஒரு நிறுவனம். ரயில் நிலையங்களின் கேமராப் பதிவுகளைக் கடைக்காரர்களுக்கு வாடகைக்குக் கொடுக்க அரசாங்கம் அனுமதித்திருந்த காலம் அது. எந்த நடைமேடையில் எத்தனை பேர் நடக்கிறார்கள், எதைப் பார்த்து நிற்கிறார்கள் என்று கணக்கிட்டுக் கடை போடுவார்கள். அதற்கென்று எடுத்த மெஷின்களில் பெரும்பாலானவை பண்டிகைக் காலம் தவிர மற்ற நாட்களில் சும்மா ஓடிக்கொண்டிருந்தன.

சும்மா ஓடியவற்றில்தான் பூங்கொடி அவனைக் கண்டாள்.

அவன் விசித்திரமான திருடன். எந்தத் தகவலையும் வெளியே எடுத்துக்கொண்டு போகவில்லை. வேலையில்லாத மெஷினாகப் பார்த்து உட்காருவான், நிஜ வேலை வந்தால் உடனே எழுந்து அடுத்ததற்குப் போய்விடுவான். பேருந்தில் பெண்களுக்கான இருக்கையில் உட்கார்ந்தவன், ஒரு பெண் ஏறியதும் எழுந்துகொள்கிற மாதிரி. யாரிடமும் கேள்வி வராதபடி தன் பெயரை மாற்றி மாற்றிச் சொன்னான். இவ்வளவு நாகரிகமான ஆளை அவள் பார்த்ததில்லை. பிடிக்க வேண்டும் என்ற வெறி அதனாலேயே கூடியது. அவனைப் பொம்மை அறைக்குள் நகர்த்திவிட்ட அன்று பிரிவில் எல்லோருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தாள்.

*

அன்னூரிலிருந்து வரும் கம்பெனி வேனில் அவளுக்கு முன் இருக்கையில் மகுடபதி உட்காருவார். அதே மாடியில் கோப்புச் சேமிப்புப் பிரிவில் வேலை. அதிகம் பேச மாட்டார். அவருடைய கதை மாடியில் எல்லோருக்கும் தெரியும்.

அவர் மனைவி சுகந்திக்கு வயிற்றிலிருந்த குழந்தை எட்டாம் மாதத்தில் இறந்து பிறந்தது. அதற்குப் பிறகு மனசு பிசகிவிட்டது. கோயம்புத்தூரில் காட்டிய வைத்தியர்கள் பெங்களூருக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். போகும் வழியில் ஜோலார்பேட்டையில் ரயில் நின்றபோது, டீ வேண்டும் என்று சுகந்தி கேட்டாள். வெகுநாள் கழித்து அவள் வாயைத் திறந்து கேட்ட முதல் வார்த்தை அது. மகுடபதி சந்தோஷமாக இறங்கி ஓடினார். திரும்பி வந்தபோது இருக்கைக்கு அடியில் அவளுடைய செருப்பு மட்டும் இருந்தது.

ஐந்து வருடமாகத் தேடுகிறார். போலீஸ்காரர்கள் தேடுவதை விட்டுவிட்டார்கள். சுகந்தியின் அம்மா வள்ளியம்மாள் மருமகனோடுதான் கோவில்பாளையத்தில் இருந்தார். இதயம் பாதி வேலைதான் செய்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாடிப்படி ஏறக் கூடாது, வெயிலில் நடக்கக் கூடாது.

ஒரு திங்கட்கிழமை வேனில் மகுடபதி பின்னால் திரும்பி உட்கார்ந்தார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைப் பூங்கொடி பார்த்ததே இல்லை.

“அம்மிணி, ஒரு தகவல் கிடைச்சிருக்குதுங்க.”

“சுகந்தி அக்காவைப் பத்திங்களாண்ணா?”

“ஆமாங்க. சோலாப்பூர் ஸ்டேஷன்ல பாத்திருக்குது. அவளேதான். கொஞ்சம் வயசாயிருக்குது, அவ்வளவுதான்.”

“யாருங்ணா பாத்தது?”

அவர் கொஞ்சம் தயங்கினார். “தெரிஞ்சவங்க ஒருத்தரு. கேமரா பாக்கிறவரு.”

“அப்ப உடனே கிளம்புங்க. லீவு குடுக்கலைன்னா நான் டேனியல் சார்கிட்டப் பேசறேன்.”

பேசினாள். லீவு கிடைத்தது. அவர் சோலாப்பூர் போய், கையில் புகைப்படத்தோடு நடைமேடை நடைமேடையாக அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். ஆனால் சோர்ந்து வரவில்லை. வடை விற்கிற ஒருவன் படத்தைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு பெண் இங்கே இருந்தாள் என்று சொன்னானாம். வேன் கிளம்பியதிலிருந்து ஆபீஸ் வருகிற வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார். பூங்கொடி தலையாட்டிக் கேட்டாள். நீட்டின படத்தைப் பார்த்து ஆமாம் என்று சொல்லிவிடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள் என்று நினைத்தாள். சொல்லவில்லை.

அந்த வாரம் அவளுடைய திருடன் கொஞ்ச நாள் வரவில்லை. வலையை உணர்ந்துவிட்டானோ என்று கவலைப்பட்டாள். பிறகு வந்தான், முன்னைவிட அதிக நேரம் தங்கினான். பொம்மை அறையில் ஈர்ப்பைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு அளவுகோல் உண்டு. அவன் விரும்புவது எதுவோ அதை இன்னும் தாராளமாகக் கொடுக்கச் சொல்லி, அவள் அதைக் கூட்டி வைத்தாள்.

அடுத்த தகவல் ராய்ச்சூரிலிருந்து வந்தது. மகுடபதி போனார், வந்தார். அடுத்தது குண்டக்கல். இந்த முறை அவர் பூங்கொடியின் மேஜைக்கே வந்து நின்றார்.

“இந்த வாட்டி சந்தேகமே இல்லைங்க அம்மிணி. ஒருக்கா ரெண்டு தரமில்லை, அடிக்கடி அந்த ஸ்டேஷன்ல தெரியறா. மூணாவது பிளாட்பாரத்துல குழாயடியில உக்காந்திருக்கிறா. அத்தையவும் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கறேன்.”

“அம்மாவையா? இந்த வெயில்லயா?”

“என்னைப் பாத்தா சுகந்தி வருவாளோ மாட்டாளோ. எங்கிட்டருந்துதான எறங்கிப் போனா. அத்தையப் பாத்தா வந்துருவா. அத்தையும் அதத்தான் சொல்றாங்க. செத்தாலும் பரவாயில்லை மாப்பிள்ளை, கூட்டிட்டுப் போங்கன்னு ஒரே பிடிவாதம்.”

பூங்கொடி தன் கணினியில் திருடனைத் தொடரும் வேலையை ஓரமாக ஒதுக்கிவிட்டு அவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். கீழ்ப் படுக்கையாகப் பார்த்து எடுத்தாள். குண்டக்கல்லில் இறங்கும்போது சக்கர நாற்காலி தயாராக இருக்கும்படி பதிவு செய்தாள். மாத்திரைகளைத் தனிப் பையில் வைக்கச் சொன்னாள். மகுடபதிக்குக் கண் கலங்கியது.

“நல்லா இருப்பீங்க அம்மிணி,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

அவர்கள் குண்டக்கல் போய்ச் சேர்ந்த அன்று முற்பகலில் திருடனைத் தொடர்ந்து போகும் வேலை முடிந்தது. பொம்மை அறைக்குள் வந்து போகிறவனின் வழி, பல பெயர்களைத் தாண்டி, பல ஊர்களைச் சுற்றி, கடைசியில் அவர்களுடைய ஆறாவது மாடிக்கே வந்து நின்றது. திரையில் பெயர் வந்தது. மகுடபதி.

பூங்கொடிக்கு முதலில் புரியவில்லை. யாரோ அவர் பெயரைத் திருடிப் பயன்படுத்துகிறார்கள் என்றுதான் நினைத்தாள். ஆள் தெரிந்துவிட்டதால் உள்ளே பார்க்க இப்போது அனுமதி இருந்தது. திறந்தாள்.

சோலாப்பூர் நடைமேடையில் ஒரு பெண் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராய்ச்சூர் மேம்பாலத்தில் அதே பெண் கம்பியைப் பிடித்து நடந்தாள். குண்டக்கல் மூன்றாவது நடைமேடையில், குழாயடியில், பச்சைச் சேலை கட்டி, பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, யாரையோ எதிர்பார்ப்பது போல் தண்டவாளத்தையே பார்த்திருந்தாள். ஒவ்வொரு படத்தின் கீழும் எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறது என்று ஒரு மதிப்பெண். படத்துக்குப் படம் அது கூடிக்கொண்டே வந்தது.

சும்மா ஓடிய மெஷின்களில், நிலையங்களின் பதிவுகளில் மனைவியின் முகத்தைத் தேடும் ஒரு புரோகிராமைத்தான் அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்குக் கிடைத்த இந்தப் படங்களெல்லாம் அறை வரைந்தவை. நிஜ நிலையத்தின் நிஜப் பதிவில், இல்லாத ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தது. அவர் கொடுத்திருந்த பழைய புகைப்படங்களிலிருந்து முகத்தை எடுத்து, ஐந்து வருட வயதைக் கூட்டியிருந்தது. எந்த முகத்துக்கு அவர் திரும்பி வந்தாரோ அந்த முகத்தை இன்னும் துலக்கமாக்கியிருந்தது. அவள் கூட்டிவைத்த அளவுகோல் செய்த வேலை அது.

படிக்கட்டுப் பக்கம் ஓடிப்போய் அவருக்குப் போன் செய்தாள். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார்.

“அண்ணா, எங்க இருக்கறீங்க? அம்மாவை வெயில்ல விடாதீங்க. உடனே ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

மறுபக்கம் ரயில் அறிவிப்பு கேட்டது. பிறகு அவர் குரல்.

“அத்தை போயிட்டாங்க அம்மிணி.”

“எப்படிங்ணா?”

“நாற்காலியில உக்காரவே மாட்டேன்னுட்டாங்க. அங்க ஒருத்தி பச்சைச் சேலையில போனா. பின்னாடியிருந்து பாத்தா அவளாட்டவேதான். சுகந்தின்னு கூப்புட்டுட்டு எந்திரிச்சு நடந்தாங்க. அத்தை அவ்வளவு வேகமா நடந்து நான் பாத்ததில்லை. கொஞ்ச தூரந்தான். அப்படியே உக்காந்துட்டாங்க. அது வேற யாரோங்க. அத்தைக்கு அது தெரியாது. தெரியறதுக்குள்ள போயிட்டாங்க.”

தான் பார்த்த படங்களைப் பற்றிப் பூங்கொடி அப்போது சொல்லவில்லை. உடலைக் கொண்டுவருவதற்கு வேண்டிய ஏற்பாடுகளைத்தான் கேட்டாள். வண்டி, டாக்டர் சான்று, ஊரில் யாருக்குச் சொல்ல வேண்டும். அவர் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார்.

*

டேனியல் படங்களையெல்லாம் இரண்டு முறை பார்த்தார்.

“அந்த ஆளு நேரா வந்து கேட்டிருக்கலாமே,” என்றார் கடைசியில்.

“கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா சார்?”

“நான் யாரும்மா குடுக்க? மெஷின் அவங்களோடது.”

“சும்மாதான சார் ஓடிட்டிருந்துச்சு. அந்த மெஷின்கள்ல உருப்படியா ஒரு வேலை நடந்துச்சுன்னா அது அவரோட வேலை மட்டுந்தான். அதைத்தான் நான் வீண்னு பிடிச்சேன்.”

“உன் டூல் வேலை செஞ்சிருக்கு. அதை மறந்துடாதே. வாடிக்கையாளர் அதை அவங்களோட எல்லா இடத்துக்கும் போடச் சொல்லிக் கேக்கறாங்க.” அதைச் சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டார். “போலீஸுக்குப் போகாம பாத்துக்கறேன். வேலையை விட்டு அனுப்பறதைத் தடுக்க முடியாது. எப்படிப் பிடிச்சோம்னு மட்டும் நீ அவர்கிட்டப் பேசக் கூடாது. லீகல்ல சொல்லியிருக்காங்க. பேசினா உன் வேலையும் போயிடும்.”

வள்ளியம்மாளின் காரியம் முடிகிற வரை பூங்கொடி காத்திருந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கோவில்பாளையத்துக்குப் போனாள். மகுடபதி தனியாக இருந்தார். வேலை நீக்கக் கடிதம் வந்துவிட்டிருந்தது. அதைப் பற்றி அவர் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை.

“தப்புதானுங்க. அடுத்தவங்க பொருள். சும்மா கெடக்குதேன்னு எடுத்துக்கிட்டேன்.” டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். “உங்களுக்குத்தான் கெட்ட பேரு ஆயிருக்குமோன்னு யோசிச்சுட்டே இருந்தேன். லீவுக்கெல்லாம் நீங்கதான சொன்னீங்க.”

பூங்கொடி தண்ணீரைத் தொடவில்லை. ஆரம்பத்திலிருந்து சொன்னாள். திருடன் என்று நினைத்தது, அறைக்குள் நகர்த்தியது, அளவுகோலைக் கூட்டியது. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. 

“அப்ப சோலாப்பூர்ல அவ இல்லீங்களா?”

“இல்லீங்ணா.”

“குண்டக்கல்ல?”

“இல்லீங்ணா. மெஷின் வரைஞ்சது.”

அவர் எழுந்து உள்ளே போனார். திட்டுவார், வெளியே போகச் சொல்வார் என்று அவள் உட்கார்ந்திருந்தாள். சொன்னால் தேவலை என்றிருந்தது. வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“அந்தப் படமெல்லாம் இருக்குதுங்களா?”

“எதுக்குங்ணா?”

“எங்கிட்ட அவளோட படம் கல்யாணத்தப்ப எடுத்ததும் வளைகாப்புக்கு எடுத்ததுந்தான். இப்ப எப்படி இருப்பான்னு நெனச்சு நெனச்சுப் பாப்பேன், வராது. உங்க மெஷினு வரைஞ்சிருக்குதல்ல. பொய்யாவே இருக்கட்டும். குடுங்க.”

அழிக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. அழிப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தாள், ஏன் என்று தெரியாமலே. மடிக்கணினியைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். அவர் அனுப்பிய தேடலுக்கு அறை கொடுத்த எல்லாப் படங்களும் அதில் இருந்தன. மதிப்பெண் அதிகமானவற்றை மட்டும்தான் அவர் அப்போது திறந்து பார்த்திருந்தார். மற்றவை திறக்கப்படாமல் அடியில் கிடந்தன.

இப்போது அவர் ஒன்றையும் விடாமல் பார்த்தார். விரலால் மெல்லத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். சிலவற்றில் நின்று, “சிரிப்பு இப்படி இருக்காது” என்றோ, “இது அவ அம்மா சாயலு” என்றோ சொன்னார். பூங்கொடி சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விரல் நின்றுபோனதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள்.

வாடி ரயில் சந்திப்பு. தலைமுடியை ஒட்ட வெட்டிய, ஒடிந்து விழுவது போல் மெலிந்த ஒரு பெண், முகத்தைப் பாதி அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, தூணைப் பிடித்து நின்றாள். பக்கத்தில் இரண்டு பெண்கள். மதிப்பெண் பாதிக்கும் கொஞ்சம் மேல். எந்தக் கோணத்திலும் சுகந்தி மாதிரியே இல்லை.

“அம்மிணி, இந்தக் கையில பாருங்க.”

தூணைப் பிடித்த கையின் உட்புறத்தில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீளமாக ஒரு தழும்பு.

“பாப்பா போன அடுத்த மாசம் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக் கையில வெச்சுக்கிட்டா. அதுக்கப்புறம் நாங்க அவளைப் படமே எடுக்கலை. உங்க மெஷினுக்கு நான் இதைக் குடுக்கலீங்களே. அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

பூங்கொடி திரையைத் தன் பக்கம் திருப்பித் தேதியைப் பார்த்தாள். அறைக்குள் அவரை நகர்த்திய முதல் நாள்.

“அண்ணா, முதல்லயே முழுசும் பொய்யா குடுத்தா உள்ள இருக்கிறவனுக்குச் சந்தேகம் வந்துரும். அதனால ஆரம்பத்துல அவனே கண்டுபிடிச்ச நிஜத்தையும் கொஞ்சம் கலந்து விடும். அப்படித்தான் அதைச் செஞ்சிருக்கறேன்.” அவள் அந்தப் படத்தைத் தொட்டாள். “இது மெஷின் வரைஞ்சதில்லை. இது உங்க புரோகிராம் கண்டுபிடிச்சது.”

சோலாப்பூரும் ராய்ச்சூரும் குண்டக்கல்லும் அதிக மதிப்பெண்ணோடு மேலே வந்து விழ விழ, இது கீழே கீழே போயிருந்தது. ஜடை பின்னிய, பழைய சுகந்தியைத்தான் அவர் தேடிப் போயிருந்தார்.

*

இருவரும் அன்றைக்கே கிளம்பினார்கள். ரயிலில் ஒருமுறை மகுடபதி, “அத்தை இருந்திருந்தா இந்நேரம் எத்தனை தரம் எந்த ஊரு வந்துச்சுன்னு கேட்டிருப்பாங்க” என்றார்.

வாடியில் படத்திலிருந்த மற்ற இரண்டு பெண்களை நிலையத்து டீக்கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. ஊருக்கு வெளியே கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் இல்லத்தில் வேலை செய்பவர்கள். வழிதவறி வருகிற பெண்களை அங்கே வைத்துக்கொள்வார்கள், மருந்து வாங்க மாதம் ஒருமுறை அவர்களில் சிலரை ரயிலில் கூட்டிப்போவார்கள் என்றார்.

இல்லத்தின் பொறுப்பாளர் சிஸ்டர் லிசியா மலையாளம் கலந்த தமிழில் பேசினார். படத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

“நாங்க இவளை மல்லின்னு விளிக்கும். பேரு சொல்லலை, ஊரு சொல்லலை. வந்தப்ப நல்ல ஜுரம். இப்ப ரெண்டு வருஷமாயிட்டு நல்ல பேதம் உண்டு, குணமாயிட்டு வருது. கூட்டத்துல கூட்டிட்டுப் போனாலும் பயமில்லை. வேலையெல்லாம் செய்யும்.” மகுடபதியை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க ஆரு?”

“வீட்டுக்காரருங்க,” என்றார் அவர்.

கொல்லைப்புறத்தில் வேப்பமரத்தடியில் பெண்கள் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். முடி வெட்டிய அவள் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். போர்வையின் முனைகளைச் சரியாகப் பொருத்தி, கையால் நீவி, மடித்து அடுக்கினாள். நீவும்போது தழும்பு தெரிந்தது. பூங்கொடி சுவரோரமாகவே நின்றுவிட்டாள். மகுடபதி போய் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

“சுகந்தி.”

அவள் நிமிர்ந்தாள். அடையாளம் தெரிந்ததா இல்லையா என்று கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பிறகு அவர் தோளுக்கு மேலே, கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பூங்கொடியைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னாலும் பார்த்தாள்.

“அம்மா வரலீங்களா?”

மகுடபதி போர்வை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதன் முனையைத் தேடினார்.

“உன்னையக் கூட்டிட்டு வரோணும்னு அத்தை எனக்கு முன்னாடியே கிளம்பிட்டாங்க சாமி,” என்றார்.

சுகந்தி அதை யோசித்துப் பார்த்தாள். போர்வையின் மறு முனையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“எந்த வண்டியிலங்க?” என்று கேட்டாள்.